நடுவர் யாருக்குக் கட்டுப்பட்டவர்?

1942 மே மாதத் தொடக்கம். ஜப்பானியக் கடற்படையின் யமாட்டோ போர்க்கப்பலில் உயர் அதிகாரிகள் கூடி, மிட்வே தீவின் மீதான தாக்குதலை மேசைமேல் ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரிப் பக்கம் ஆடியவர்கள், தீவிலிருந்து கிளம்பும் குண்டுவீச்சு விமானங்களை ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் மீது ஏவினார்கள். நடுவராக இருந்த ஒக்குமியா மசடாகே விதிப்படி பகடையை உருட்டினார். 9 குண்டுகள் இலக்கில் விழுந்தன. அகாகி, ககா இரண்டு கப்பல்களும் மூழ்கின. தலைமை வகித்த உகாகி மடோமே குறுக்கிட்டு, 9 வேண்டாம், 3 என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அகாகி லேசான சேதத்தோடு தப்பியது. ககா மூழ்கியது மூழ்கியதுதான் என்றார்கள். ஆனால் ஆட்டத்தின் அடுத்த கட்டத்தில் அந்தக் கப்பலும் மீண்டு வந்து படையெடுப்பில் சேர்ந்துகொண்டது. ஒக்குமியாவும் ஃபுச்சிடா மிட்சுவோவும் போருக்குப் பின் எழுதிய நூலின் வழியே இந்தச் சம்பவம் உலகுக்குத் தெரியவந்தது.

ஒரு மாதம் கழித்து, ஜூன் 4 அன்று தொடங்கிய உண்மைச் சண்டையில் அகாகி, ககா, சோர்யு, ஹிர்யு ஆகிய நான்கு விமானந்தாங்கிகளையும் ஜப்பான் இழந்தது.

இதை அகந்தைக்குக் கிடைத்த தண்டனையாகச் சொல்வது வழக்கம். அது பாதிக் கதைதான். உகாகியின் கணக்கில் நியாயம் இருந்தது. உயரத்தில் பறந்தபடி குண்டு போடும் விமானம், கடலில் வளைந்து வளைந்து ஓடும் கப்பலை அடிப்பது மிக அரிது. உண்மைச் சண்டையிலும் மிட்வேயிலிருந்து கிளம்பிய விமானங்களின் குண்டு ஒன்றுகூட எந்த விமானந்தாங்கியின் மீதும் விழவில்லை. நான்குக்கும் முடிவு கட்டியவை அமெரிக்க விமானந்தாங்கிகளிலிருந்து வந்து, தலைகீழாகப் பாய்ந்து குண்டு போட்ட விமானங்கள். எண்ணிக்கையைப் பொறுத்தவரை பகடை தவறு, உகாகி சரி. ஆனால், நாம் நினைத்தே பார்க்காத நேரத்தில் நம் கப்பல்கள் அடிபட்டால் திட்டம் என்ன ஆகும் என்ற கேள்வியைப் பகடை எழுப்பியிருந்தது. எண்ணைத் திருத்தியபோது அந்தக் கேள்வியும் மேசையிலிருந்து துடைக்கப்பட்டுவிட்டது.

நான் எழுத வந்தது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற, பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டங்களைப் பற்றி. யமாட்டோவிலிருந்து தொடங்கக் காரணம், இரண்டும் ஒரே பாட்டன் வழிப் பிள்ளைகள் என்பது. 'ஸ்டிரேஞ்சர் திங்ஸ்' தொடரின் முதல் காட்சிகளில் நான்கு சிறுவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கூச்சலிட்டு ஆடுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அதே ஆட்டம்தான். ஒருவர் நடுவர், உலகத்தை விவரிப்பவர் அவர். மற்ற ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம்: வாள்வீரர், மந்திரவாதி, திருடர். "கதவைத் திறக்கிறேன்" என்று ஆடுபவர் சொல்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று நடுவர் சொல்கிறார். முடியுமா முடியாதா என்ற சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருள்கிறது. திரையில்லை, பலகைகூடக் கட்டாயமில்லை. பேச்சுதான் ஆட்டம்.

இந்த ஆட்டத்தை ஆடுபவர்களிடையே ஐம்பது ஆண்டுகளாக ஓயாத வழக்கு ஒன்று உண்டு. விதிகள் துல்லியமாக, நிறைய இருக்க வேண்டுமா? அல்லது கதையின் போக்குக்கு வளைந்துகொடுக்கும்படி அவற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா? கேள்வியை இப்படிப் போடுவதே பிழை என்பது என் கருத்து. விதியும் கதையும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள் அல்ல. விதியை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் கதை வந்து உட்காருவதில்லை. ஒரு மனிதரின் தீர்ப்பு வந்து உட்காருகிறது. அந்த மனிதர் யார், அவரை எது கட்டுப்படுத்துகிறது என்பதுதான் உண்மையான வழக்கு.

இந்த வழக்கின் முதல் விசாரணை பிரஷ்யாவில் நடந்தது. 1812இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு, நிலப்பரப்புத் துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கும்படி ஒரு மேசை செய்து மன்னர் மூன்றாம் ஃபிரடெரிக் வில்லியமுக்கு அளித்தார். பீரங்கிப்படை அதிகாரியான அவருடைய மகன் அதைச் செப்பனிட்டு 1824இல் முழுமையான விதிநூலாக வெளியிட்டார். கிரீக்ஸ்ஷ்பீல், அதாவது போர் ஆட்டம். 1:8000 அளவில் வரைந்த நிலப்படம். ஒரு சுற்று என்பது களத்தில் 2 நிமிடம். சேத எண்கள் பொறித்த தனிப் பகடைகள். இரு தரப்பும் தங்கள் ஆணைகளை எழுதி நடுவரிடம் கொடுப்பார்கள். தங்கள் கண்ணுக்கு எட்டியிருக்கக்கூடிய எதிரியை மட்டும் நடுவர் அவர்களுக்குப் படத்தில் காட்டுவார். படைத் தலைமையகத்தின் தலைவர் மூஃப்லிங் இதைப் பார்த்து மயங்கிப்போய், இது விளையாட்டல்ல, போர்ப் பயிற்சி என்று பாராட்டினார். படைப்பிரிவுகளுக்கெல்லாம் ஆட்டப் பெட்டிகள் போயின.

ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே படையிலிருந்து எதிர்க்குரல் எழுந்தது. 1873இல் யாக்கோப் மெக்கல் என்ற அதிகாரி குறைகளை அடுக்கினார். விதிகள் நடுவரின் அனுபவத்தைக் கட்டிப்போடுகின்றன. களத்தில் நடக்கக்கூடிய அத்தனையையும் எந்த விதியாலும் அடக்க முடியாது. அட்டவணைகளைப் புரட்டுவதிலேயே நேரம் போகிறது. இவ்வளவையும் கற்றுக்கொள்ளப் பயந்து யாரும் நடுவராக முன்வருவதில்லை. 1876இல் வெர்டி டு வெர்னுவா இன்னும் ஒரு படி மேலே போனார். பகடை வேண்டாம், அட்டவணை வேண்டாம், நடுவர் சொல்வதே தீர்ப்பு. இன்று விதி குறைந்த ஆட்டத்துக்காக வாதாடுபவர்கள் சொல்லும் எந்தக் காரணத்தையும் இந்த இருவரும் அன்றே சொல்லாமல் விடவில்லை. (இதே மெக்கல்தான் 1885இல் ஜப்பான் சென்று, அங்கே தரைப்படை அதிகாரிகளுக்குப் போர்க்கலை கற்பித்தார்.)

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெர்டி, பிரான்சுடன் நடந்த 1870ஆம் ஆண்டுப் போரில், பிரஷ்யப் படைத் தலைமையகத்தின் தலைவர் மோல்ட்கேயின் குழுவில் இருந்தவர். அவர் மனதில் வைத்திருந்த நடுவர், போர்க்களத்தைக் கண்ணால் பார்த்தவர். இந்த மேட்டைக் குதிரைப்படை எவ்வளவு நேரத்தில் ஏறும் என்று அவர் சொன்னால் இரு தரப்பும் வாய்மூடி ஏற்கும். ஏனென்றால் அவர் ஏறிப் பார்த்திருக்கிறார். விதியின் இடத்தில் அவர் வைத்தது அனுபவத்தை. டிராகன் விஷயத்தில் அந்த அனுபவம் யாருக்கு இருக்கிறது? டிராகன் கக்கும் நெருப்பில் ஒரு மனிதர் எத்தனை விநாடி தாக்குப்பிடிப்பார் என்பதில் நடுவருக்கும் எனக்கும் ஒரே அளவு அறியாமைதான். கற்பனை உலகில் விதி என்பது அனுபவத்துக்கு மாற்று. எல்லோரும் ஒப்புக்கொண்ட இயற்பியல் என்று அதைச் சொல்லலாம். நடுவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், வெர்டியின் நடுவருக்கு இருந்த பிடிமானம் இவருக்கு இல்லை.

பிரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த வழி சுவையானது. 1880இல் அமெரிக்கப் படை அதிகாரி சார்லஸ் டாட்டன் 'ஸ்ட்ராட்டகோஸ்' என்றொரு போர் ஆட்ட நூல் எழுதினார். 1960களில் மினசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் அது டேவிட் வெஸ்லி என்ற இளைஞரின் கையில் கிடைத்தது. ஆடுபவர் எதை வேண்டுமானாலும் செய்ய முயலலாம், பலிக்குமா என்று நடுவர் முடிவு செய்வார் என்ற எண்ணத்தை அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டார். 1969இல் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை வைத்து ஓர் ஆட்டம் நடத்தினார். படைத்தலைவர்களோடு ஊர் மக்களுக்கும் பாத்திரங்கள் கொடுத்தார். சண்டை தொடங்குவதற்கு முன்பே ஆளாளுக்கு ஊருக்குள் அலைந்து பேரம் பேசத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு பேர் ஒற்றைக்கு ஒற்றை மோத வேண்டும் என்று வந்து நின்றார்கள். அதற்கு விதியே இல்லை. வெஸ்லி அந்த நொடியிலேயே ஒன்றைச் சொல்லிச் சமாளித்தார். ஆட்டம் கெட்டுவிட்டது என்று அவர் நினைத்தார். ஆடியவர்களோ, மறுபடி எப்போது என்று கேட்டார்கள்.

அவர்களில் ஒருவர் டேவ் ஆர்னசன். அவர் உருவாக்கிய பிளாக்மூர் உலகமும், விஸ்கான்சினின் லேக் ஜெனீவாவில் கேரி கைகாக்ஸ் எழுதியிருந்த இடைக்காலப் போர் விதிகளும் சேர்ந்து 1974 ஜனவரியில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆயின. ஒரு பெட்டியில் மூன்று சிறு நூல்கள், 1,000 பிரதிகள், விலை 10 டாலர். அதில் ஓட்டைகள் ஏராளம். சண்டைக்கு இன்னொரு நூலைப் பார்க்கச் சொல்லும். காட்டுப் பயணத்துக்கு வேறொரு நிறுவனத்தின் பலகை ஆட்டத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லும். மீதியை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள், உங்களுக்காக நாங்கள் ஏன் கற்பனை செய்ய வேண்டும் என்ற தொனியில் நூல் முடியும். ஊருக்கு ஊர் ஆட்டம் வேறு வேறாக வளர்ந்தது அதனால்தான்.

ஐந்தே ஆண்டுகளில் கைகாக்ஸ் மனம் மாறினார். 1977 முதல் 1979 வரை வெளிவந்த அட்வான்ஸ்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நூல்கள் கனத்த அட்டையோடு, நோய்க்கு ஓர் அட்டவணை, ஒட்டுண்ணிக்கு ஓர் அட்டவணை என்று விரிந்தன. மாநாடுகளில் போட்டிகள் நடக்கத் தொடங்கியிருந்தன. ஒரே நிலவறைக்குள் பல அணிகள் இறங்கி யார் அதிக தூரம் போகிறார்கள் என்று பார்க்கும்போது, மேசைக்கு மேசை தீர்ப்பு மாறினால் அது அழுகுணி ஆட்டம் ஆகிவிடும். அந்நியர்கள் கூடி ஆட விதி வேண்டும் என்ற இந்தக் காரணத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதே 1979ஆம் ஆண்டு நூலில், ஒரு நிகழ்வு இப்படித்தான் போக வேண்டும் என்று நடுவர் விரும்பினால் பகடை சொன்னதைத் தள்ளிவிட அவருக்கு உரிமை உண்டு என்றும் எழுதியிருக்கிறார். ஆடுபவர்களுக்கு நூற்றுக்கணக்கில் விதிகள். நடுவருக்கு ஒன்றும் இல்லை. உகாகியின் நாற்காலி நிலவறைக்குள்ளும் போடப்பட்டுவிட்டது.

விதி கூடிப்போனால் வரும் கெடுதலையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஓர் அறை. சுவரோரம் ஓர் அலமாரி. திருடராக ஆடுபவர், "விளக்கைச் சுவரோரமாகக் கொண்டுபோகிறேன், சுடர் எந்தப் பக்கம் சாய்கிறது?" என்று கேட்கிறார். காற்று வரும் இடுக்கைத் தேடுகிறார், அழகான யோசனை. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் இதற்கென்றே தேடும் திறன் என்று ஓர் எண் இருந்தது. 20 முகப் பகடையை உருட்டு, எண்ணைக் கூட்டு, இலக்கைத் தாண்டினால் ரகசியக் கதவு தெரியும். விளக்கைப் பற்றி அவர் யோசித்ததற்கு அங்கே வேலையே இல்லை. சில மாதங்கள் இப்படி ஆடியவர், அறையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தன் பாத்திரத்தின் திறன் எண்கள் எழுதிய தாளைப் பார்க்கத் தொடங்குவார். 2008இல் மேத்யூ ஃபின்ச் எழுதிய சிறு கையேடு இதைத்தான் சாடியது. விதியைத் தேடாதே, அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல் என்பது அதன் சாரம். பழைய பாணி ஆட்டத்தை மீட்க விரும்பியவர்களுக்கு அது கொடியாயிற்று.

ஃபின்ச் சொன்னதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். ஒன்றை மட்டும் ஏற்க முடியவில்லை. விளக்குச் சுடரை யோசிக்க முடிந்தவர், அதை நாலு பேர் முன் தயங்காமல் சொல்லவும் முடிந்தவர். ஒவ்வொரு மேசையிலும் அப்படிச் சொல்ல முடியாத ஒருவர் இருப்பார். பேச்சு குறைவு, தன்னைவிட உரக்கப் பேசுபவர்கள் நடுவில் கூச்சம். அவர் தன் பாத்திரத்தைக் கெட்டிக்காரத் திருடனாக, அரசவையை மயக்கும் பேச்சாளியாக ஆக்கிக்கொண்டிருக்கிறார். ஏனென்றால் நிஜத்தில் அவர் அப்படி இல்லை. தாளில் உள்ள எண் அவருக்குப் பட்டா மாதிரி. நடுவரின் நண்பர் யார், யார் நகைச்சுவையாகப் பேசுவார், யார் வாதாடிச் சாதிப்பார் என்பவற்றையெல்லாம் தாண்டி, இந்த இடம் அவருடையது என்று அது சொல்கிறது. தீர்ப்பை மட்டுமே நம்பும் மேசையில் அவருடைய நிலம் மெல்ல மெல்ல ஆக்கிரமிக்கப்படும். அது நடப்பது நடுவரின் கண்ணுக்குக்கூடத் தெரியாது.

கதைக்காக விதியைத் தள்ளலாம் என்ற எண்ணம் உச்சத்துக்குப் போனது 1991இல், 'வாம்பயர்: தி மாஸ்கரேட்' ஆட்டத்தில். அங்கே நடுவரின் பெயரே கதைசொல்லி. விதி குறுக்கே நின்றால் விட்டுவிடுங்கள் என்பதைப் பொன்விதியாக வைத்தார்கள். அழகான, சோகமான கதைகளை நாடி, அதுவரை இந்த ஆட்டத்தின் பக்கம் வராதவர்கள் பலர் வந்தார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விட்டுவிடுவது யார்? கதைசொல்லி. எந்தக் கதைக்காக? அவர் வீட்டில் உட்கார்ந்து யோசித்து வைத்த கதைக்காக. மற்றவர்கள் இடப்பக்கம் திரும்பினாலும் வலப்பக்கம் திரும்பினாலும் அதே மாளிகைக்குத்தான் போய்ச் சேருவார்கள். சகுனியின் பகடையில் எண் விழுந்தது. ஆனால் அந்த எண் உருட்டுவதற்கு முன்பே முடிவாகியிருந்தது. தமிழில் விதி என்ற ஒரே சொல் சட்டத்தையும் ஊழையும் குறிக்கிறது. சட்டத்தைத் தள்ளிவைத்த மேசைகளில் ஊழ் வந்து சேர்ந்தது.

இதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை. நடுவராக அமர்ந்த ஒரு நெடிய ஆட்டத்தில், நடுவர் முன் நிற்கும் மறைப்புத் திரைக்குப் பின்னால் விழுந்த பகடை எண்ணை ஒருமுறை மாற்றிச் சொன்னேன். நண்பர் ஒருவர் ஒன்றரை ஆண்டாக வளர்த்த பாத்திரம் பாலத்தின் மேல் சாகவிருந்தது, மனம் வரவில்லை. யாரும் கேட்கவில்லை, யாரும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அடுத்தடுத்த வாரங்களில் யாரும் எந்தச் சண்டையிலிருந்தும் பின்வாங்கவில்லை, யாரும் பயப்படவில்லை. நான் காப்பாற்றிவிடுவேன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பாத்திரத்தைக் காப்பாற்றி ஆபத்து என்பதையே ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன். அவர்களுடைய துணிச்சலுக்கும் அதற்குப் பின் மதிப்பில்லை.

1990களின் இறுதியில் ரான் எட்வர்ட்ஸ் ஒரு கட்டுரையில் அன்றைய பொதுப் புத்திக்கு எதிராக வாதிட்டார். நல்ல நடுவர் இருந்தால் எந்த விதிநூலும் போதும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, விதிநூல் மாறினால் ஆட்டமே மாறும் என்றார். அவரைச் சுற்றித் திரண்ட வடிவமைப்பாளர்களில் வின்சென்ட் பேக்கர் முக்கியமானவர். மேசையில் இருப்பவர்கள் நண்பர்கள். ஒருவர் மனதை ஒருவர் நோகடிக்க விரும்பாதவர்கள். விட்டால் எல்லோருக்கும் பிடித்த கதையைத்தான் சொல்லுவார்கள். அவர்களில் யாரும் விரும்பாத ஒன்றைக் கதைக்குள் கொண்டுவருவதுதான் விதியின் வேலை என்று பேக்கர் கருதினார். யமாட்டோவின் பகடை செய்ய முயன்றதும் இதைத்தான்.

2010இல் அவர் வெளியிட்ட 'அப்போகலிப்ஸ் வேர்ல்டு' இந்த எண்ணத்தை விதியாகவே எழுதியது. ஆறு முகப் பகடைகள் இரண்டு. கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் என்றால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை என்றால் நடக்கும், ஆனால் அதற்கு விலை கொடுக்க வேண்டும், அல்லது கசப்பான ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 6 அல்லது அதற்குக் கீழ் என்றால் நடுவர் தன் கைவரிசையைக் காட்டுவார். உருட்டல்களில் கணிசமானவை நடுவில் விழும். கதை அங்கிருந்துதான் கிளைக்கிறது. இதைவிட என்னைக் கவர்ந்தது வேறொன்று. இதில் நடுவர் பகடையே உருட்டுவதில்லை. அவர் என்ன செய்யலாம் என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. எதைச் சொல்லியாக வேண்டும் என்பதற்கும் விதி உண்டு: நேர்மை கேட்பதைச் சொல்ல வேண்டும், தான் முன்பே எழுதிவைத்தது கேட்பதைச் சொல்ல வேண்டும், கதையின் முடிவை முன்கூட்டித் திட்டமிடக் கூடாது. கைகாக்ஸின் நூலில் நடுவர் விதிக்கு மேலே நின்றார். இங்கே அவரும் விதிக்குள் வந்து அமர்கிறார்.

பழைய கனத்த நூல்களோடு ஒப்பிட்டால் இது மெலிந்த ஆட்டம். வாள் நீளத்துக்கு அட்டவணை கிடையாது. இதை விதி குறைந்த ஆட்டம் என்பதா, கூடிய ஆட்டம் என்பதா? எண்ணிக்கையை வைத்து அளந்தால் விடை கிடைக்காது. எறியும் கோடரி எத்தனை அடி போகும் என்பது போன்ற விதிகளை ஒரு நல்ல மேசை நாளைக்கே தூக்கிப்போடலாம். யார் பேசலாம், யாருடைய சொல் இறுதி, நடுவர் எதை மாற்றக் கூடாது என்பவற்றைச் சொல்லும் விதிகளை ஒன்றுகூட விடக் கூடாது. முன்னதை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டு பின்னதை விட்டுவிட்டதுதான் இந்த ஆட்டங்களின் முதல் முப்பது ஆண்டுக் குறை என்று நான் நினைக்கிறேன். நடுவரே இல்லாமல் ஆடும் 'ஃபியாஸ்கோ' 2009இல் வந்தபோது, அது ஒழுங்காக ஓடியதற்குக் காரணம் யார் எப்போது காட்சியைத் தொடங்குவது, யார் முடிப்பது என்பதை மட்டும் அது தெளிவாக வகுத்திருந்ததுதான்.

நடுவராக அமரப்போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த விதிகளை விடப்போகிறீர்கள் என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லோரிடமும் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். பகடை உருட்ட வேண்டாம் என்று தோன்றினால் உருட்டாதீர்கள். அது உங்கள் உரிமை. உருட்டினால், முன்னால் இருக்கும் திரையை எடுத்துவிட்டு எல்லோர் கண்ணெதிரே உருட்டுங்கள். ககா மூழ்கியது என்று அது சொன்னால், அடுத்த சுற்றில் அந்தக் கப்பலை மிதக்க விடாதீர்கள்.